அறுபத்தஞ்சு இன்ச்சும் அம்பத்தஞ்சு இன்ச்சும்

ஜூலை 8, செவ்வாய்

காலையில இருந்தே சாரல். வண்டி சீட்டு ஈரம், பேண்ட்டு ஈரம், பையில இருந்த ஸ்க்ரூ டப்பா வரைக்கும் ஈரம்.

இன்னைக்கு வேலை:
கீழப்புலியூர் – 43 இன்ச். செங்கல் சுவர். அரை மணி நேரம்.
மேலகரம் – ரிமோட் வேலை செய்யலைன்னு கம்ப்ளெயின்ட். பேட்டரிய தலைகீழாப் போட்டிருக்காங்க. சிரிக்கக் கூடாதுன்னு சிரிக்கல.
குத்தாலம், ஐந்தருவி ரோடு, ராமையா அண்ணாச்சி லாட்ஜ் – 65 இன்ச். பிராக்கெட்டோட சேத்து இருபத்தெட்டு கிலோ.

கடையில டிவி வாங்குதவங்க வீட்டுக்குப் போயி மாட்டிக் குடுக்கதுதான் நம்ம பொழப்பு. பின்னால ஏதும் பிரச்சினைன்னா கடையில நம்மளத்தான் கேப்பாங்க. அதனால ஒவ்வொரு சுவரையும் குறிச்சு வைக்கேன்.

சுவர்: முழுக்க ஜிப்சம் போர்டு, உள்ள வெறும் பொள்ளல். இந்த மாதிரி சுவருக்குள்ள ரெண்டடிக்கு ஒரு இரும்புச் சட்டம் நட்டமா நிக்கும். அதுல ஸ்க்ரூ ஏறினாத்தான் கனம் தாங்கும். காந்தம் வச்சுத் தேடினேன். நட்ட நடுவுல ரெண்டு எடத்துல பிடிச்சுது. இடைவெளி ரெண்டே முக்கால் அடி. ரெண்டுல்ல வரணும்? கொஞ்சம் முழிச்சேன்.

ராமையா அண்ணாச்சி (ரா.அ.) பின்னாடியே நிக்காரு. அறுபது வயசு, மூக்கு நுனியில கோவம். "ஏலே மாரி, காந்தத்த வச்சு மந்திரிக்கியா? நாளைக்கு சிவகிரியில இருந்து ஆளு வருது. மாட்டிட்டுக் கெளம்பு"ன்னாரு. மாட்டிட்டேன். பிராக்கெட்ட ரெண்டு கையாலயும் புடிச்சு தொங்கிப் பாத்தேன், அசையல. டிவியோட மறு முனைய அவரே தூக்கிக் குடுத்தாரு. வலது தோள் சரியா எழும்பல அவருக்கு. பல்லக் கடிச்சுட்டுத் தூக்குனாரு.

அந்த ரூமுக்கு 43 தாராளம். எதுக்கு இம்புட்டுப் பெருசுன்னு கேட்டேன். பின்னாடி உள்ளவன் அம்பத்தஞ்சு வச்சிருக்கானாம். யாரோ பக்கத்து லாட்ஜ்காரன் போல.

வீட்டுல என் பொண்டாட்டி செல்வி பருத்திப்பால் போட்டு வச்சிருந்தா. ரெண்டு டம்ளர்.


ஜூலை 9, புதன்

மழை. புளியறை. செக்போஸ்ட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில 50 இன்ச். லாரிக்காரங்க சோத்துல கை வச்சுட்டு, எப்பம் படம் தெரியும் எப்பம் படம் தெரியும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

அங்கன மேல சீலிங் போட்டுக்கிட்டு இருந்தது பிஜு சேட்டன். புனலூர்க்காரர். இந்தப் பக்கம் ஜிப்சம் வேலை முக்காவாசி அவரு கைதான். சாயா குடிக்கையில, நேத்து ராமையா அண்ணாச்சி லாட்ஜ்ல 65 மாட்டினேன்னு பெருமையாச் சொன்னேன். டம்ளர கீழ வச்சுட்டாரு.

"எந்த சுவர்ல?"

சொன்னேன். நடுவுலயான்னு கேட்டாரு. ஆமா, காந்தம் ரெண்டு எடத்துல பிடிச்சுதுன்னேன். எம்புட்டு இடைவெளின்னு கேட்டாரு. சொன்னேன்.

"மாரி, அது சட்டம் அல்ல. அங்க கதவு இருந்ததாக்கும்."

விவரம் இதுதான். அந்தக் கட்டடம் ராமையா அண்ணாச்சிக்கும் அவரு தம்பிக்கும் பொது. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. நடுவுல பிஜு சேட்டன் போட்ட ஜிப்சம் சுவர், சுவருக்கு நடுவுல போக வர ஒரு கதவு. மூணு வருஷத்துக்கு முன்ன ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு. கதவ நெலையோட பேத்து எடுத்துட்டு, ஓட்டைய அடைன்னு பிஜு சேட்டன நிக்க வச்சு விரட்டியிருக்காங்க. கையில சட்டம் இல்ல. சீலிங்குக்குப் போடுத மெல்லிசு தகரத்த ரெண்டு ஓரத்துலயும் வச்சு, ரெண்டு பக்கமும் பலகைய ஒட்டி, பெயின்ட் அடிச்சுட்டு வந்துட்டாரு. சும்மா மறைப்புக்குத்தானே, எவன் இதுல கனத்தத் தொங்கவிடப் போறான்னு நெனச்சாராம்.

நான் தொங்கவிட்டிருக்கேன்.

பொறவு அவரு இன்னொண்ணு கேட்டாரு. பின்பக்கம் வாய்க்கால் சந்துல, தம்பிக்காரர் சுந்தரம் அண்ணாச்சி காட்டேஜ்ல டிவி ஏதும் இருக்கான்னு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா டயரியப் புரட்டினேன். மே மாசம்: "வாய்க்கால் சந்து. சுந்தரம் அண்ணாச்சி காட்டேஜ். 55 இன்ச். ஜிப்சம். காந்தம் ரெண்டு எடத்துல பிடிச்சுது. இடைவெளி 2¾ அடி. நல்ல சுவர்."

நல்ல சுவர்னு அடிக்கோடு வேற. அறிவுகெட்ட மூதி.

முன்வாசல் ஐந்தருவி ரோட்டுல, பின்வாசல் வாய்க்கால் சந்துல. சுத்திப் போனா அரைக் கிலோமீட்டர். ஒரே கட்டடம்னு நான் கண்டேனா? ரெண்டு அண்ணாச்சியும் ஒருத்தர் பேர ஒருத்தர் சொல்லவே இல்ல. ஒரே ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு நானே மாட்டி வச்சிருக்கேன்.

சாப்பாட்ட மூடி வச்சுட்டேன். செல்வி என்னன்னு கேட்டா. வயிறு சரியில்லன்னேன்.


ஜூலை 10, வியாழன்

சாரல் விடல. அருவில தண்ணி ஏறிப்போச்சாம், போலீஸ் நிக்காம். ரோடு பூரா கூட்டம்.

காலையில மொத வேலையா லாட்ஜ். சிவகிரி ஆளுங்க வந்து எறங்கியாச்சு. நாலு பேரு தங்குத ரூமுல ஒம்பது பேரு. கட்டில் பத்தாம தரை பூரா பாய். டிவிக்கு நேர் கீழ ஒரு பாய், அதுல எட்டு மாசப் பொம்பளப் பிள்ளை. ரெண்டு காலையும் தூக்கி டிவியக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு கெடக்கு.

நேரா பாய்கிட்ட போனேன்.

தாய்க்காரிகிட்ட பாய அந்தப் பக்கம் போடும்மான்னேன். ஏண்ணேன்னு கேட்டா. கரண்டு வயர் போகுதுன்னு என்னமோ ஒளறினேன். முழு உண்மையச் சொல்ல நாக்கு வரல, அதையும் இங்கன எழுதிருதேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டா.

டிவிக்கு மேல, எடது ஓரமா முடி கனத்துல ஒரு விரிசல். பென்சிலால அது முடியுத எடத்துல கோடு போட்டு வச்சேன். போர்ட விரலால அமுக்கினா லேசா உள்ள போகுது. சீசன் ஈரம் முழுக்கக் குடிச்சிருக்கு.

ஒரு இரும்பு மேசைய இழுத்து டிவிக்கு அடியில முட்டுக் குடுத்தேன். பொறவு ரா.அ.கிட்ட போயி, இந்த எடத்துல முன்ன கதவு இருந்துதாமே அண்ணாச்சின்னு ஆரம்பிச்சேன். மொகம் மாறிப்போச்சு.

"எந்தக் கதவு? அங்கன கதவே கெடையாது."

கிடையாதாம். பிஜு சேட்டன் சொன்னாருன்னேன். அவன் குடிகாரப் பயன்னாரு. சேட்டன் குடிக்க மாட்டாரு. டிவிய எறக்கிருவோம்னு கெஞ்சினேன். சீசன்ல டிவி இல்லன்னா ரூமக் காலி பண்ணிட்டுப் போயிருவாங்க, உனக்கு மாட்டத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, கடைக்குப் போன் போடுதேன்னாரு. நான் பாத்துக்கிட்டு இருக்கையிலயே மேசைய உருவி வெளிய போட்டாரு. ரூமு அசிங்கமா இருக்காம்.

கடையில மேனேஜர்கிட்ட சொன்னேன். மாட்டின சீட்டுல உன் கையெழுத்துதானே இருக்குன்னாரு. அம்புட்டுதான்.


ஜூலை 11, வெள்ளி

வெயில் எட்டிப் பாத்துது, பத்து நிமிஷம்.

வாய்க்கால் சந்து. சுந்தரம் அண்ணாச்சி (சு.அ.). அண்ணன விட நாலஞ்சு வயசு எளையவரு, அதே மூக்கு, அதே மொறைப்பு. மே மாசம் இதக்கூடப் பாக்காம என்னத்தப் பாத்தேன்?

அங்கன ரூமுல புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. குளிக்கப் போயிருந்தாங்க. டிவிக்கு மேல அதே விரிசல், இந்தப் பக்கம் வலது ஓரம். சு.அ.கிட்ட காட்டினேன். சாரல் நேரம் பெயின்ட் வெடிக்கத்தான் செய்யும்னாரு. கதவுன்னேன். தலைய வேற பக்கம் திருப்பிக்கிட்டாரு. "அவன் வந்து சொல்லட்டும், எறக்குதேன்"ன்னு மட்டும் சொன்னாரு. அவன்ங்கது அண்ணன்.

சரி, இந்த ஒரு டிவியவாவது எறக்கிருவோம்னு ஸ்பானர எடுத்துட்டேன். ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு பிஜு சேட்டனுக்குப் போன் அடிச்சேன். நல்லவேளை அடிச்சேன்.

தொடாதேன்னு கத்துனாரு. அந்தப் பலகை சும்மா மெல்லிசு தகரத்துல நிக்குது. ஒரு டிவி இந்தப் பக்கம் இழுக்குது, மத்தது அந்தப் பக்கம் இழுக்குது. அதனாலதான் இதுவரைக்கும் எந்தப் பக்கமும் சாயல. ஒண்ண மட்டும் எடுத்தா மத்தது பலகையோட போயிரும். ரெண்டையும் ஒரே நேரத்துல எறக்கணும். ரெண்டு பக்கமும் ரெவ்வெண்டு ஆளு.

மூணு வருஷமா மொகத்துல முழிக்காத ரெண்டு பேர ஒரே நேரத்துல என்னன்னு நிக்க வைக்க?

திரும்பி முன்வாசல் போனேன். பிள்ளை மறுபடியும் டிவிக்குக் கீழ. எதுத்த பக்கம் ஜன்னல் வழியா சாரல் அடிச்சு பாய் நனைஞ்சுட்டாம். தாய்க்காரிகிட்ட இந்தத் தடவை மறைக்கல. டிவி விழுந்தாலும் விழுந்துரும் தாயி, நான் மாட்டினது சரியில்லன்னேன். மொகம் வெளுத்துப்போச்சு அவளுக்கு. பிள்ளையத் தூக்கிட்டு வராந்தாவுக்குப் போயிட்டா. அவ வீட்டுக்காரன் ரா.அ.கிட்ட சண்டைக்குப் போனான். ரா.அ. என்கிட்ட வந்தாரு. இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னாரு.

இன்னைக்கு செல்விகிட்ட எல்லாம் சொன்னேன். "மிதிக்காதேன்னு சொன்னா போகாம இருந்துருவீங்களா?"ன்னா. பாத்திரத்த எடுத்துட்டு உள்ள போயிட்டா. கோவத்துல ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் பரவாயில்லன்னு இருந்துது.


ஜூலை 12, சனி

மழை.

போகல. பயந்தாங்கொள்ளி. புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடைக்காரர் வீட்டுல 55. கருங்கல் சுவர், ரெண்டு டிரில் பிட் போச்சு. இருந்தாலும் அந்தச் சுவரத் தட்டித் தட்டிப் பாத்தேன். டிவி மாட்டுனியா சுவரக் கொஞ்சுனியாப்பான்னு அவரு வீட்டம்மா கேட்டாங்க.

போன் அடிக்கும்போதெல்லாம் ரா.அ.வோன்னு பாக்கேன். ஏழு போன். கேபிள்காரன், மச்சினன், மறுபடி மச்சினன்.

மூணரை மணிக்கு ரா.அ. போன். கொரல் எறங்கியிருந்துது. டிவி ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி தெரியுது, நாளைக்கு வந்து ஆணிய முடுக்கிட்டுப் போன்னாரு. அண்ணாச்சி, முடுக்கினா பலகையோட வரும், ரூமக் காலி பண்ணுங்கன்னேன். சிவகிரிக்காரங்களுக்கு மாத்திக் குடுக்க வேற ரூமு இல்லையாம், எல்லாம் ஃபுல். பிள்ளை எங்கன கெடக்குன்னு கேட்டேன். கட் பண்ணிட்டாரு.

தாய்க்காரி நம்பர ஏன் வாங்காம வந்தேன்?


ஜூலை 13, ஞாயிறு

சாரல். இன்னைக்கு நடந்தத வரிசையா எழுதிருதேன்.

எட்டு மணி. செங்கோட்டை ரோட்டுல பிஜு சேட்டன் வந்து நின்னாரு. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போகாம வந்திருக்காரு. எனக்காக இல்லையாம், அவரு போட்ட பலகையாம். கொஞ்சம் தெம்பு வந்துது.

முன்வாசல். பென்சில் கோட்டத் தாண்டி விரிசல் ஒரு சாண் எறங்கியிருக்கு. வலது ஓரத்துலயும் புதுசா ஒண்ணு. மேலயும் குறுக்க ஒண்ணு. மூணையும் சேத்துப் பாத்தா கதவு அப்பிடியே சுவர்ல எழும்பி நிக்கு. அங்கன கதவே கெடையாதுன்னவரு பக்கத்துல நின்னு பாக்காரு.

சிவகிரிக்காரங்க பாதிப் பேரு அருவிக்குப் போயாச்சு. பிள்ளை தூங்குது. எங்கன? அங்கனதான். தாய்க்காரி குளிக்கப் போன நேரத்துல, விவரம் தெரியாத பெரியம்மா ஒருத்தி பாய விரிச்சுக் கெடத்தியிருக்கு.

அப்பம் சுவருக்குள்ள இருந்து ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், கடலை ஒடிக்க மாதிரி.

எனக்கு முன்ன ரா.அ. பாஞ்சாரு. பிள்ளைய எடுப்பாருன்னு நெனச்சேன். இல்ல, ரெண்டு உள்ளங்கையையும் டிவிக்கு அடியில குடுத்து சுவரோட அமுக்கிட்டு நின்னுட்டாரு. பிள்ளைய நான்தான் எடுத்தேன். முழிக்கக்கூட இல்ல. பெரியம்மா கையில குடுத்து வெளிய அனுப்பினேன்.

"கைய எடுத்தா வந்துரும்லே"ன்னாரு ரா.அ. அமுக்கும்போதே தெரிஞ்சிருக்கு. "நான் புடிச்சிருக்கேன். நீ போயி அவன்கிட்ட சொல்லு."

பிஜு சேட்டன அவருக்குத் தொணைக்கு விட்டுட்டு வண்டிய எடுத்தேன். அரைக் கிலோமீட்டர். வழியில பஸ்ஸு, வேனு, ஈரத் துண்டோட ரோட்டு நடுவுல நடக்குத கூட்டம். ஹாரன்ல இருந்து கைய எடுக்கல. ஒருத்தன் ஏசினான். ஏசிட்டுப் போறான்.

சு.அ. வாசல்ல பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. ஜோடி காலையிலயே ரூமக் காலி பண்ணிட்டாம். விஷயத்தச் சொன்னேன். பேப்பர எறக்கவே இல்ல. அவன் வந்து சொல்லட்டும்னுதானே சொன்னேன்னாரு.

அவரால வர முடியாது அண்ணாச்சி, டிவியத் தாங்கிப் புடிச்சுட்டு நிக்காருன்னேன்.

பேப்பர் எறங்கிச்சு. "எந்தக் கையால?"

ரெண்டு கையாலயும்னேன்.

"தோள் எறங்கின மனுஷன் அவரு. மூட்டை தூக்கையில விட்டுப்போனது. அஞ்சு நிமிஷம் தாங்காதுலே." எந்திரிச்சு ரூமுக்கு ஓடினாரு. செருப்பு வாசல்லயே கெடக்கு. மூணு வருஷத்துல அண்ணன 'அவரு'ன்னு சொன்னது இதுதான் மொதல் தடவையா இருக்கும்.

இந்தப் பக்கம் நானும் சு.அ.வும், அந்தப் பக்கம் ரா.அ.வும் பிஜு சேட்டனும். போன் தேவைப்படல. பொள்ளல் சுவர், மூச்சு விடுதது கூடக் கேக்குது. கீழ் ஸ்க்ரூ ரெண்டையும் நான் கழட்டினேன். அந்தப் பக்கம் சேட்டன் கழட்டுத சத்தம் நின்னுது. இனி எண்ணித் தூக்கணும். எண்ணுததுக்கு வாயத் தொறந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து: "சுந்தரம்."

சு.அ. கண்ண மூடிக்கிட்டாரு.

"புடிச்சிட்டியாலே?"

"புடிச்சிட்டேண்ணே. நீங்க எண்ணுங்க."

ரா.அ. எண்ணுனாரு. மூணுல தூக்குனோம். கொக்கியில இருந்து ரெண்டும் சேந்து கழண்டுது. ரெண்டடி பின்னால போயிருப்போம். பலகை அப்பிடியே மடங்கி கீழ உக்காந்துது. தூளு. மெல்லிசு தகரம் ரெண்டும் ரிப்பன் கணக்கா சுருண்டு கெடந்துது.

தூளு அடங்கினா, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ரா.அ. கையில அறுபத்தஞ்சு. இந்தப் பக்கம் சு.அ. கையில அம்பத்தஞ்சு. ரெண்டு பேரு தலையும் வெள்ள வெளேர்னு. டிவியக் கீழ வைக்காம மொகத்தத் திருப்ப முடியாது. ரெண்டு பேரும் வைக்கல. அப்பிடியே நின்னாங்க. சேட்டன் என்னப் பாக்காரு, நான் சேட்டனப் பாக்கேன்.

கடைசியில ரா.அ. தான் பேசுனாரு. "கால்ல செருப்புகூட இல்லாம வந்து நிக்க. தகரம் கெடக்கு, பாத்து."

நான் வெளிய போயி சுவத்தோரம் குத்த வச்சுட்டேன். தாய்க்காரி பிள்ளையோட வந்தா. நல்லா ஏசினா. பிள்ளை என் சட்டைப் பைய இழுத்துக்கிட்டு இருந்துது. ஏசுத வரைக்கும் கேட்டுக்கிட்டேன். கேக்க வேண்டியதுதான்.

கடைச் சீட்டுல ரெண்டு வேலையையும் 'மாட்டினது தப்பு, கழட்டியாச்சு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு மேனேஜர் என்ன சொன்னாலும் சரி.


ஜூலை 14, திங்கள்

காலையில வெயில். துணியெல்லாம் வெளிய.

மேனேஜர் கத்துனாரு. வேலைய விட்டு எடுக்கல.

பதினோரு மணிக்கு ரா.அ. போன். சுவர அடைக்கணுமா, பிஜு சேட்டனக் கூட்டிட்டு எப்பம் வரட்டும், இந்தத் தடவை நல்ல கனமான சட்டம் போட்டுரலாம்னேன். போன்ல அவருக்குப் பின்னால வேற ஒரு கொரல், யாருகிட்டயோ தண்ணி கேக்குது. சு.அ. கொரல் மாதிரி.

"ஏலே மாரி. அங்கன ஒரு கதவு வைக்கணும்னா எத்தன நாள் ஆகும்?"

கதவுல டிவி மாட்ட முடியாதே அண்ணாச்சின்னேன்.

"டிவி கெடக்கட்டும்லே"ன்னாரு.